பிறந்த குழந்தைக்குச் சொட்டு மருந்து வீண் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரசவ வார்டில் குழந்தைக்கு இரண்டு சொட்டு போலியோ மருந்து கொடுக்கச் செவிலியர் வரும்போது, "நேத்துதானே பொறந்துச்சு, அதுக்குள்ள எதுக்கு?" என்ற கேள்வி பெரும்பாலான குடும்பங்களில் எழுகிறது. பச்சைப் பிள்ளைக்கு எதிர்ப்பு சக்தியே கிடையாது, மருந்து கொடுத்து என்ன பயன் என்கிறார்கள். நாட்டில்தான் போலியோவே இல்லையே என்கிறார்கள். ஊசிதான் போடுகிறார்களே, சொட்டு எதற்கு என்கிறார்கள். தாய்ப்பால் பட்டால் மருந்து செத்துவிடும், அரை மணி நேரம் பால் கொடுக்காதே என்று பக்கத்துப் படுக்கையிலிருந்து ஆலோசனையும் வந்துவிடும். இவற்றில் எதுவும் முழுப் பொய் அல்ல. ஒவ்வொன்றிலும் பாதி உண்மை இருப்பதால்தான் இவை இவ்வளவு சுலபமாகப் பரவுகின்றன. மீதிப் பாதியைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்கவே இக்கடிதம்.

முதலில், பிறந்த குழந்தைக்கு எதிர்ப்பு சக்தி இல்லை என்பது பற்றி. குழந்தையின் ரத்தத்தில் கிருமியைப் பிடிக்கும் எதிர்ப்புரதம் (ஆன்டிபாடி) நிறையவே இருக்கிறது. ஆனால் அது தாயுடையது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் ஐ.ஜி.ஜி. என்ற வகை நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகிறது. நிறைமாதக் குழந்தையின் ரத்தத்தில் அதன் அளவு தாய்க்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருக்கும். குறைமாதக் குழந்தைக்கு இது போய்ச் சேர அவகாசம் கிடைப்பதில்லை. இந்த இருப்பு ஏறத்தாழ மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே வரும்.

குடல், மூக்கு, சுவாசப் பாதை ஆகியவற்றின் உள்பக்கம் போர்த்தியிருக்கும் சளிச்சவ்வைக் காப்பது ஐ.ஜி.ஏ. என்ற வேறொரு வகை. அது நஞ்சுக்கொடியைத் தாண்டாது. பிறந்த அன்று குழந்தையின் குடல் தானாக அதைச் சுரப்பதும் இல்லை. அந்த இடைவெளியை நிரப்புவது சீம்பால். முதல் சில நாட்களில் சுரக்கும் அந்த மஞ்சள் பாலில் ஐ.ஜி.ஏ. மிகச் செறிவாக இருக்கிறது. அதைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, சர்க்கரைத் தண்ணீரோ தேனோ சேனையாகத் தொட்டு வைப்பது, இருக்கும் ஒரே காவலையும் எடுத்துவிட்டுக் கிருமியை உள்ளே விடும் காரியம்.

குடலின் சொந்தப் பாதுகாப்பு அமைப்பு அதற்காக வெறுமையாக இருப்பதில்லை. சிறுகுடல் சுவரில் பேயர் திட்டுகள் எனப்படும் நிணத்திசுக் குவியல்கள் கருவிலேயே உருவாகிவிடுகின்றன. அவற்றின் மேல் உள்ள எம் செல்கள் குடலில் வரும் கிருமியைப் பிடித்து உள்ளே கடத்தும். எதிர்ப்புரதம் தயாரிக்கும் பி செல்கள் பெருகிப் பயிற்சி பெறும் முளை மையங்கள் மட்டும் பிறப்புக்குப் பின், குடலில் கிருமிகள் குடியேறத் தொடங்கிய பிறகே தோன்றுகின்றன. குழந்தையின் குடல் சுவரில் ஐ.ஜி.ஏ. சுரக்கும் செல்கள் தென்படவே ஓரிரு வாரங்கள் ஆகும். ஆகவே பிறந்த குழந்தையின் குடல், எதிர்ப்பு சக்தி இல்லாத குடல் அல்ல. இன்னும் பழக்கப்படாத குடல். முதல் சொட்டு மருந்தின் வேலை பழக்கத்தைத் தொடங்கி வைப்பது.

இனி ஊசிக்கும் சொட்டுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு வருகிறேன். வாய்வழி போலியோ மருந்தில் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ். அது குடலில் சில நாட்கள் பெருகுகிறது. பேயர் திட்டில் அதைச் சந்தித்த பி செல்கள் நிணநீர் வழியாக ரத்தத்துக்குப் போய்த் திரும்பவும் குடலுக்கே வந்து சேர்கின்றன. அவற்றின் மேற்பரப்பில் ஆல்ஃபா4பீட்டா7 என்ற ஒரு புரதம் இருக்கிறது. தபாலில் எழுதிய முகவரி போல, "குடலுக்குப் போ" என்று அது வழிகாட்டுகிறது. அங்கே போய்த் தங்கிய செல்கள் சுரக்கும் ஐ.ஜி.ஏ. குடலின் உட்பரப்புக்கு வந்து, அடுத்த முறை வைரஸ் வரும்போது அதை ஒட்டவிடாமல் தடுக்கிறது. கையிலோ தொடையிலோ போடும் ஊசி அக்குள், தொடை இடுக்கு நிணக்கணுக்களில் உள்ள செல்களைப் பழக்குகிறது. அந்தச் செல்களுக்கு இந்த முகவரி கிடைப்பதில்லை. ஊசியால் ரத்தத்தில் எதிர்ப்புரதம் நன்றாகவே உருவாகிறது; வைரஸ் நரம்புக்குப் போய்ச் சேராது, குழந்தைக்கு வாதம் வராது. ஆனால் வைரஸ் அதன் குடலில் பெருகி மலத்தில் வெளியேறுவதை ஊசி மட்டும் தடுத்துவிடாது.

இதற்குக் கண்முன் சாட்சி இஸ்ரேல். 2005 முதல் அங்கே குழந்தைகளுக்கு ஊசி மட்டுமே போடப்பட்டது; போட்டுக்கொண்டவர்களின் விகிதமும் மிக அதிகம். 2013-இல் நாட்டின் தென்பகுதிக் கழிவுநீரில் இயற்கையான முதலாம் வகை போலியோ வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. ஒருவருக்கும் வாதம் வரவில்லை, ஆனால் வைரஸ் மாதக்கணக்கில் குழந்தைகளின் குடல் வழியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் சொட்டு மருந்தை மீண்டும் கொண்டுவந்தார்கள். ஊசி மட்டும் போடும் பிரிட்டனில் 2022-இல் லண்டன் கழிவுநீரில் இரண்டாம் வகை வைரஸ் அகப்பட்டதும் நினைவிருக்கலாம். இந்தியாவில் கடைசி இயற்கைப் போலியோ பாதிப்பு 2011 ஜனவரியில் ஹவுராவில் பதிவானது. ஆனால் கடல் கடந்து வரும் வைரஸுக்கு எல்லைக் கோடு தெரியாது. கழிவுநீரும் குடிநீரும் பக்கத்துப் பக்கத்தில் ஓடும் நம் ஊர்களில் அது குடலுக்குள் போக வழி நிறைய.

அதற்காக ஊசி வேண்டாம் என்று யாரும் பொருள் கொள்ளக் கூடாது. வேலூரில் 1 முதல் 4 வயது வரையிலான 450 குழந்தைகளிடம் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வை நான் முக்கியமாகக் கருதுகிறேன். எல்லோரும் முன்பே பல தவணை சொட்டு மருந்து பெற்றவர்கள். பாதிப் பேருக்கு ஒரு ஊசி போட்டு, பிறகு எல்லோருக்கும் சொட்டு மருந்து கொடுத்து, 7 நாள் கழித்து மலத்தைச் சோதித்தார்கள். முதலாம் வகை வைரஸ் ஊசி போட்டவர்களில் 12 சதவீதத்தினரிடமும் போடாதவர்களில் 19 சதவீதத்தினரிடமும் இருந்தது. மூன்றாம் வகையில் வித்தியாசம் இன்னும் பெரிது: 8 சதவீதம், 26 சதவீதம். சொட்டு மருந்தால் ஏற்கெனவே பழகிய குடலை ஊசி தட்டி எழுப்புகிறது. சொட்டே காணாத குடலில் தட்டி எழுப்ப எதுவும் இருக்காது. நம் அட்டவணையில் 6-ஆவது, 14-ஆவது வாரங்களிலும் 9-ஆவது மாதத்திலும் தோலுக்குள் 0.1 மி.லி. போலியோ ஊசியும், பிறந்தவுடனும் 6, 10, 14-ஆவது வாரங்களிலும் சொட்டும் சேர்ந்தே இருப்பதன் காரணம் இதுதான். ஒன்றுக்கு மற்றது மாற்று அல்ல.

இப்போது சங்கடமான எண்ணிக்கை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மறைத்தால் நாளை வேறொருவர் அதையே எடுத்துக்காட்டிப் பயமுறுத்துவார். பிறந்தவுடன் கொடுக்கும் ஒரு தவணை சொட்டு மருந்தால் மட்டும் ரத்தத்தில் எதிர்ப்புரதம் உருவாகும் குழந்தைகள் இந்திய ஆய்வுகளில் 10 முதல் 15 சதவீதம்தான். எகிப்தில் 32, தென் ஆப்பிரிக்காவில் 76 சதவீதம் வரை வந்திருக்கிறது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புரதம் மருந்து வைரஸைப் பிடித்துவிடுவது ஒரு காரணம். மற்ற குடல் வைரஸ்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டு போட்டியிடுவது இன்னொன்று. அப்படியானால் எதற்குக் கொடுக்கிறோம்? இந்தத் தவணை அடுத்த தவணைகளின் பலனைக் கூட்டுகிறது. குடலில் மற்ற வைரஸ்கள் குடியேறும் முன்பே உள்ளே போகும் ஒரே தவணையும் இதுதான். தாயின் ஐ.ஜி.ஜி. காவல் இருக்கும்போதே உயிருள்ள வைரஸைச் சந்திப்பதால், மருந்தால் வரக்கூடிய மிக அரிதான வாதத்தின் ஆபத்தும் குறையக்கூடும் என்பது கோட்பாட்டளவில் சொல்லப்படும் கூடுதல் நன்மை. எதிர்ப்புரத அளவு ரத்தத்தில் ஏறவில்லை என்பதாலேயே குடல் எதையும் கற்கவில்லை என்று சொல்லிவிட முடியாது; ரத்தப் பரிசோதனை சளிச்சவ்வின் கணக்கைக் காட்டாது.

நம் குழந்தைகளிடம் சொட்டு மருந்து குறைவாக வேலை செய்வதைச் சரிசெய்ய வேலூரில் பல வழிகள் முயலப்பட்டன. 6 முதல் 11 மாதக் குழந்தைகளுக்கு மூன்று நாள் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்துக் குடலைத் தெளிவாக்கிவிட்டுச் சொட்டு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். நோய்க் கிருமிகளும் குடல் அழற்சியும் குறைந்தன, சொட்டு மருந்தின் பலன் கூடவே இல்லை: எதிர்ப்புரதம் உருவானது அசித்ரோமைசின் பெற்றவர்களில் 50 சதவீதம், பெறாதவர்களில் 54 சதவீதம். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ரோட்டா வைரஸுக்கான சொட்டு மருந்துடன் துத்தநாகமும் நல்ல பாக்டீரியாவும் (புரோபயாடிக்) கொடுத்த சோதனையிலும் சொல்லிக்கொள்ளும்படியான முன்னேற்றம் இல்லை. மருந்துக் கடையில் "சொட்டு மருந்துக்கு முன்னாடி கொடுங்க, நல்லா பிடிக்கும்" என்று புரோபயாடிக் பொட்டலம் விற்றால் வாங்க வேண்டாம். நோயில்லாத குழந்தைக்கு ஆன்டிபயாடிக் கொடுப்பது அதைவிடக் கெடுதல்.

தாய்ப்பாலை நிறுத்தி வைக்கும் பழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத விரும்புகிறேன். இது ஆய்வகத்திலிருந்து கிளம்பிய சந்தேகம். இந்தியத் தாய்மாரின் பாலில் ரோட்டா வைரஸுக்கு எதிரான ஐ.ஜி.ஏ. அமெரிக்கத் தாய்மாரைவிட அதிகம், சோதனைக் குழாயில் அது மருந்து வைரஸை முடக்குகிறது என்று 2010-இல் ஓர் ஆய்வு காட்டியது. உடனே, மருந்துக்கு முன்னும் பின்னும் சிறிது நேரம் பாலூட்டாமல் இருந்தால் பலன் கூடுமா என்று டெல்லியிலும், கராச்சியிலும், தென் ஆப்பிரிக்காவிலும் தனித்தனியே சோதித்தார்கள். எங்கும் பலன் கூடவில்லை. ஒரு மணி நேரம் பட்டினி போட்டு அழவைத்தால் குழந்தை மருந்தைத் துப்புவதுதான் மிச்சம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பாலூட்டத் தொடங்குங்கள்; சொட்டு மருந்துக்கு முன்பும் கொடுக்கலாம், பின்பும் கொடுக்கலாம். மார்பில் பால் குடித்துக்கொண்டிருக்கும் குழந்தை அமைதியாக இருக்கும், அதன்பின் ஊசி போட்டாலும் வலி குறைவாகவே தெரியும்.

ரோட்டா வைரஸ் விஷயத்தில் பிறந்த குழந்தைகள் நமக்கே பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். 1980-களில் டெல்லி எய்ம்ஸில் பிறந்த குழந்தைகள் சிலரின் மலத்தில் ரோட்டா வைரஸ் இருந்தது; அவர்களுக்கு வயிற்றுப்போக்கே இல்லை. அந்த வைரஸ்தான் 116ஈ. அதிலிருந்து உருவான மருந்து ரோட்டாவேக். டெல்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் 6,799 குழந்தைகளிடம் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையில், முதல் ஆண்டில் கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கை 56 சதவீதம் தடுத்தது. 2016-இல் நான்கு மாநிலங்களில் தொடங்கி, 2017-இல் தமிழகத்துக்கும் ரோட்டா சொட்டு மருந்து வந்தது.

ஏன் 56 சதவீதம், ஏன் 90 இல்லை? வேலூரில் 452 குழந்தைகளைப் பிறப்பிலிருந்து கண்காணிக்கத் தொடங்கி, 373 பேரை மூன்று வயது வரை பின்தொடர்ந்த ஆய்வு இதற்கு விடை தருகிறது. 6 மாதத்துக்குள்ளேயே 53 சதவீதக் குழந்தைகளை ரோட்டா வைரஸ் தொற்றிவிட்டது. மூன்று முறை இயற்கையாகத் தொற்றிய பிறகும் மிதமான, கடுமையான நோய்க்கு எதிராகக் கிடைத்த பாதுகாப்பு 79 சதவீதம்தான். இயற்கைத் தொற்றே இவ்வளவுதான் கொடுக்கிறது என்றால், மருந்திடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை. கூடவே, நம் குழந்தைகளை வைரஸ் வெகு சீக்கிரம் தொடுகிறது; முதல் ரோட்டா தவணைக்கு 6-ஆவது வாரம் என்பது பலருக்குத் தாமதம்.

இந்த இடத்தில்தான் இந்தோனேசியாவில் நடந்த சோதனை கவனிக்கத் தக்கது. மெல்பர்னில் பிறந்த குழந்தைகளிடமிருந்து எடுத்த ஆர்வி3-பிபி என்ற வைரஸை, மத்திய ஜாவா, யோக்யகர்த்தா பகுதிகளில் ஒரு பிரிவினருக்குப் பிறந்த 5 நாட்களுக்குள் தொடங்கியும், இன்னொரு பிரிவினருக்கு 8-ஆவது வாரம் தொடங்கியும் கொடுத்தார்கள். 18 மாதம் வரை கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கிலிருந்து கிடைத்த பாதுகாப்பு பிறந்தவுடன் தொடங்கியவர்களிடம் 75 சதவீதம், தாமதமாகத் தொடங்கியவர்களிடம் 51 சதவீதம். 2018-இல் முடிவுகள் வெளியாயின. பிறந்த முதல் நாட்களில் வயிற்றில் அமிலம் குறைவு, குடலில் போட்டி வைரஸ்கள் குறைவு. ரோட்டா மருந்து குறித்து எப்போதும் எழும் கவலையான குடல் செருகல், அதாவது குடலின் ஒரு பகுதி இன்னொன்றுக்குள் சொருகிக்கொள்வது, இயற்கையாகவே பிறந்த குழந்தைகளிடம் மிக அரிது. 4 முதல் 7 மாதத்தில்தான் அதிகம். பிறந்தவுடன் கொடுக்கும் ரோட்டா தவணையைத் தமிழகத்தில் முறையாகச் சோதித்துப் பார்க்க இதைவிட வேறு காரணம் தேவையா? 116ஈ வைரஸே பிறந்த குழந்தையின் குடலுக்குப் பழகியதுதான் என்பதை நம் கொள்கை வகுப்பவர்கள் மறந்துவிடக் கூடாது.

வார்டில் நடக்க வேண்டியவை பற்றி இனி. பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஹெபடைட்டிஸ் பி ஊசி 0.5 மி.லி. தொடைத் தசையில், பி.சி.ஜி. 0.05 மி.லி. இடது மேற்கையில் தோலுக்குள். போலியோ சொட்டு இரண்டு, வாயில். போலியோவின் இந்தப் பூஜ்ஜியத் தவணைக்கு 15 நாள்தான் கெடு. கெடு தாண்டிவிட்டால் 6-ஆவது வாரத்திலிருந்து வழக்கமான தவணைகளைத் தொடர வேண்டியதுதான். ஆகவே வீட்டுக்கு அனுப்பும் முன் கொடுத்துவிடுவதே பாதுகாப்பு. ஞாயிற்றுக்கிழமையோ பண்டிகை நாளிலோ குழந்தை பிறந்து, "அப்புறம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுக்கலாம்" என்று அனுப்பிவிட்டால், தாய் பச்சை உடம்புக்காரி என்று வீட்டிலேயே இருக்க, 15 நாள் ஓடிவிடும்.

குப்பியைக் கவனியுங்கள். அதன் மேல் ஒரு வட்டமும், வட்டத்துக்குள் ஒரு சதுரமும் இருக்கும். சதுரம் சுற்றியுள்ள வட்டத்தைவிட வெளிறி இருந்தால் மருந்து நல்லது. சூடு பட்டால் சதுரம் கருத்துக்கொண்டே வரும். வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டாலோ தாண்டிவிட்டாலோ தூக்கிப் போட வேண்டும். போலியோ சொட்டு மருந்து உறைந்தால் கெடாது, வெப்பத்தில்தான் கெடும். ஹெபடைட்டிஸ் பி அதற்கு நேர் எதிர்: உறைந்தால் போயிற்று. இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்கும்போது, ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே வைக்காமல், உள்ளே தண்ணீர் குலுங்கும் அளவு வெளியே வைத்துவிட்டுப் பயன்படுத்த வேண்டும். இந்த ஒரு அவசரத்தில் வீணாகும் ஊசி மருந்து வெளியே பார்க்க நல்லதாகவே தெரியும் என்பதுதான் கவலை.

கொடுக்கும்போது சொட்டுக் குழாயின் முனை குழந்தையின் நாக்கிலோ உதட்டிலோ படக்கூடாது. பட்டால் குப்பி முழுவதும் அசுத்தம். கன்னத்தை மெல்ல அழுத்தி வாயைத் திறக்கச் செய்து, குப்பியைச் சாய்த்துப் பிடித்து இரண்டு சொட்டு. குழந்தை துப்பிவிட்டால் உடனே மறுபடி கொடுக்கலாம். ரோட்டா மருந்தில் அளவு வகைக்கு வகை மாறும்: ஒன்றில் 5 சொட்டு, கரைத்துக் கொடுக்கும் இன்னொன்றில் 2.5 மி.லி. இரண்டாவதை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, கன்னத்தின் உள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். தொண்டையில் பீய்ச்சினால் ஓங்கரித்து வெளியே வந்துவிடும். சிரிஞ்சைப் பார்த்ததும் ஊசி என்று நினைத்துப் போட்டுவிடும் தவறு நடக்காமல் இருக்க, மற்ற ஊசிகளோடு ஒரே தட்டில் அதை வைக்காமல் இருப்பது நல்லது.

யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதும் தெரிய வேண்டும். முந்தைய குழந்தை கடுமையான எதிர்ப்பு சக்திக் குறைபாட்டால் இறந்திருந்தாலோ, குடும்பத்தில் அப்படி ஒரு நோய் இருந்தாலோ, எந்த உயிருள்ள மருந்துக்கும் முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் குறைமாதக் குழந்தைக்குச் சொட்டு மருந்தைப் பெரும்பாலும் வீட்டுக்கு அனுப்பும்போது கொடுப்பார்கள். மருந்து வைரஸ் மலத்தில் வெளியேறிப் பக்கத்து இன்குபேட்டருக்குப் பரவக் கூடாது என்பதால். அதே காரணத்தால், சொட்டு மருந்து கொடுத்த சில வாரங்களுக்குத் துணி மாற்றிய பின் சோப்பு போட்டுக் கை கழுவுவது வீட்டில் உள்ள எல்லோருக்கும் நல்லது. ரோட்டா மருந்து கொடுத்த அடுத்த சில நாட்களில் குழந்தை காலை மடக்கி விட்டு விட்டு வீறிட்டு அழுதால், தொடர்ந்து வாந்தி எடுத்தால், மலம் ரத்தமும் சளியுமாகப் போனால், உரை மருந்தோ கிரைப் வாட்டரோ கொடுத்துக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். குடல் செருகலைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் அறுவை சிகிச்சை இல்லாமலே சரிசெய்துவிடலாம்.

சுகாதாரத் துறைக்கு ஒரு கோரிக்கை. தாய் சேய் நல அட்டையில் பூஜ்ஜியத் தவணைக்கு வெறும் "டிக்" போடாமல், எத்தனையாவது நாளில் கொடுக்கப்பட்டது என்பதையும் எழுதச் செய்ய வேண்டும். தனியார் மருத்துவமனைகளில் விடுமுறை நாளில் பிறக்கும் குழந்தைகளுக்கும் வெளியேறும் முன் இந்தத் தவணை கிடைப்பதை, பிறப்புப் பதிவோடு ஒப்பிட்டு மாதந்தோறும் சரிபார்க்கலாம். அட்டையைக் கையில் வாங்கும் தாய்மார்களும், முதல் வரியில் மூன்று மருந்துக்கும் தேதி இருக்கிறதா என்று வாசலைத் தாண்டும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். விடுபட்டிருந்தால் அங்கேயே கேளுங்கள்.

இப்படிக்கு,
குழந்தைகள் நல மருத்துவர் ஒருவர்,
வேலூர் மாவட்டம்